மாமியின் ரத்தம், ஸ்டெல்லாவின் மூட்டு

சோப்பு விற்க வருகிறவளைக்கூட உட்காரச் சொல்லும் நம் ஊர், ரத்தம் கேட்டு வருகிறவளை வாசற்படி தாண்ட விடாது. சொட்டு மருந்துக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் கதவு தட்டிக் கால் வீங்கிய சகோதரிகளே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? சிக்குன்குனியா அடித்து ஓய்ந்தபின், அது யார் யாருக்கு வந்துபோனது என்று ரத்தத்தில் தேடும் கணக்கெடுப்பு நடந்தது. வைரஸ் வந்துபோனால் ஆன்டிபாடி என்ற அடையாளம் ரத்தத்தில் தங்கிவிடுமாம். கான்வென்ட் ஆங்கிலம் சமையலறையில் துருப்பிடிக்கிறதே என்று நானும் படிவம் நிரப்பக் கிளம்பினேன். ரத்தம் எடுக்க லேப் டெக்னீஷியன் செல்வி.

வராத வீடு

பூதப்பாண்டியில் பட்டியலின் முதல் வீட்டுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தனக்குக் காய்ச்சலே வரவில்லையாம். எதிர்வீட்டில் எல்லோரும் படுத்தார்களாம், அங்கே போகலாமாம். வராதவர் ரத்தமும் வேண்டும், சிலருக்குத் தெரியாமலே வந்து போயிருக்கும் என்று மூன்று தடவை சொன்னேன். நாலாவது தடவைக்கு எனக்குப் பொறுமை கிடையாது; அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். சட்டைக் கையை மடித்துக்கொண்டே சொன்னார்:

“களவு போன வீடு அங்க இருக்கு. நீங்க களவே போகாத வீட்டுல வந்து பீரோவைத் திறந்து பாக்கியளே, அம்மா.”

வீட்டுக்கு ஒரு கை

புதுக்கடைப் பக்கம் ஒரு வீடு. மருமகள் ஸ்டெல்லா காய்ச்சலில் விழுந்து எழுந்ததிலிருந்து மூட்டு வலியில் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள். காய்ச்சல் அடித்த அன்றைக்கு யாரும் அவள் ரத்தத்தைச் சோதிக்கவில்லை. மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அது தண்ணீர் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் வருகிற வலி என்பது அவள் மாமியின் தீர்ப்பு. ரத்தத்தில் தெரியும் என்று நான் சொன்னதுமே ஸ்டெல்லா நாற்காலியை இழுத்துப் போட்டுக் கையை நீட்டிவிட்டாள்.

ஆனால் வீட்டுக்கு ஒருவர்தான். அது யார் என்பதை எங்கள் எண் அட்டவணை சொல்லும். ஆளை மாற்றக் கூடாது. அட்டவணை மாமியைச் சொன்னது. ஒரு நாள்கூடக் காய்ச்சலில் படுக்காத மாமியை! நான் செல்வியைப் பார்த்தேன். அவள் முடியாது என்று தலையசைத்தாள். நீட்டிய கையை ஸ்டெல்லா மடக்கவேயில்லை.

“ஒரு சொட்டு எடுங்க, அக்கா. நான் நடிக்கல்லன்னு ஒரு பேப்பரு மட்டும் போதும்.”

ஐஸ் பெட்டி

மதியத்துக்குள் குப்பிகள் லேபுக்குப் போயாக வேண்டும். பஸ்ஸைக் காணோம். மாமியிடம் எடுத்த ரத்தக் குப்பியை ஓடையில் வீசிவிட்டு ஸ்டெல்லாவிடம் திரும்பி ஓடலாமா என்று நிலைகொள்ளாமல் நின்றேன். பக்கத்தில் மீன் விற்கிற ஒரு அம்மா இரண்டு குளிர் பொதி மட்டும் கிடந்த எங்கள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். தன் ஐஸில் இரண்டு கை அள்ளிப் போடவும் வந்தார். வெறும் ஐஸ் பட்டால் ரத்தம் கெட்டுவிடும் என்று செல்வி பெட்டியை அணைத்துக்கொண்டாள். அந்த அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

“இதுல சாளை மீனே வடசேரி சந்தைக்குப் போய்ச் சேராது, மக்கா. மனுச ரத்தமா சேரும்?”

பேப்பர்

ரத்தம் சேர்ந்தது. சில வாரம் கழித்து முடிவைக் கொடுக்கப் போனோம். மாமிக்கு ஆன்டிபாடி இருந்தது. மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். தனக்கும்தான் வந்திருக்கிறது, தான் படுத்தாரா, சுவரைப் பிடித்தாரா என்று ஆரம்பித்தார். போச்சு, பேப்பரே ஸ்டெல்லாவுக்கு எதிரியாகிவிட்டதே என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அமைதியாகக் கேட்டாள்: “மாமியக் கடிச்ச கொசு, அடுத்த கட்டில்ல கெடந்த என்னைக் கும்பிட்டுட்டா போயிருக்கும்?”

மாமி பேப்பரை நாலாக மடித்து பைபிளுக்குள் வைத்தார். ஸ்டெல்லா சுவரைப் பிடித்தபடி தண்ணீர்க் குடத்துக்குக் குனிந்தாள்.

“அங்ஙன வையிட்டி. நான் எடுக்கேன்” என்று மாமி எழுந்தார்.

வைரஸ் எவ்வளவு தூரம் பரவியது என்று மேலே இருப்பவர்கள் கூட்டிக் கழித்துச் சொல்லட்டும். நான் கண்ணால் பார்த்த வரையில் அது புதுக்கடையில் ஒரு குடத்தைக் கை மாற்றியிருக்கிறது.