பின்வரிசையில் பத்து வீடுகள்

கம்ப்யூட்டர் லேப் என்று கேட்டாலே எனக்கு இன்றும் அந்தப் பின்வரிசைதான் ஞாபகம் வரும். கூடலூர்ப் பக்கம் தேயிலை எஸ்டேட்டை ஒட்டிய ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பு படித்தேன். என் சித்தப்பாதான் லேப் சார். வேலை நிரந்தரமில்லை. ஃபேக்டரி மெஷினில் அப்பாவின் கை மாட்டிய பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே அவர் சம்பளத்தில்தான்.

லேபில் இரண்டு வரிசை, வரிசைக்குப் பத்துக் கம்ப்யூட்டர். படம் வரையும் மென்பொருள் சித்தப்பாவின் மேசைக் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தது. மற்றதிலெல்லாம் வயர் வழியாக அதைத் திறக்க வேண்டும். ஒரே நேரத்தில் பத்துப் பேருக்குத்தான் திறக்கும். பள்ளி வாங்கிய உரிமம் அவ்வளவுதான். அதனால் பாதி நேரம் முன்வரிசைக்கு, மீதி பின்வரிசைக்கு. முன்னால் டவுன் பிள்ளைகள், பின்னால் எஸ்டேட் பிள்ளைகள். முன்வரிசையின் பாதி எப்போதும் பெரிய பாதி.

கம்ப்யூட்டர்களை இலவசமாகக் கொடுத்த பெரியவர் லேபைப் பார்க்க வருவதாகச் சொன்னார். பள்ளித் தாளாளர் சித்தப்பாவைக் கூப்பிட்டு, இருபதும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்றார். இன்னும் பத்துப் பேருக்கு மென்பொருள் வாங்கித் தருகிறேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

சித்தப்பா ஒரு வேலை செய்தார். மென்பொருளைத் திறந்து, பாதி வீடு வரைந்து, அந்தத் திரையை அப்படியே படமாக எடுத்தார். பின்வரிசைக் கம்ப்யூட்டர்கள் பத்திலும் அதைப் பின்னணிப் படமாக வைத்தார். பார்த்தால் மென்பொருள் திறந்திருப்பது போலவே இருக்கும். சாப்பிடும்போது என்னிடம் சொன்னார்: "மவுஸ மட்டும் ஆட்டிட்டு இரு கண்ணு. வெளிய ஒரு வார்த்தை போச்சு, நாம எல்லாரும் ரோட்டுலதான்."



பெரியவர் வந்த நாளில் மழை.  முன்வரிசையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தார். பக்கத்தில் இருந்தவள் என் காதைக் கடித்தாள்.

"ஏய், உன் ஊட்டுக்கு ஜன்னலே இல்ல. என்னுதுக்கும் இல்ல. பத்து ஊடும் ஒரே ஊடுதான்டி."

சிரித்துத் தொலைத்தாள். பெரியவர் திரும்பி நேராக என்னிடம் வந்தார்.

"பாப்பா, இதுக்கு ஒரு ஜன்னல் வையி பாக்கலாம்."

மவுஸை நகர்த்தினேன். அம்புக்குறி வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடியது. ஒரு கோடு விழவில்லை.

"சரி, கதவு?"

சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் தாளாளரைப் பார்த்தார். பெரியவர் மவுஸை வாங்கக் கை நீட்டினார். எனக்கு ஒன்றுக்கு வந்துவிடும் போலிருந்தது. மவுஸை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு வரையத் தெரியாதுங்க சார்."

பொய். திரைச்சீலை போட்ட ஜன்னலே வைப்பேன். அந்த வகுப்பில் என்னைப் போல வரைய ஆளில்லை.

தாளாளர் நடுவில் புகுந்தார். "எஸ்டேட் பிள்ளைங்க, சார். எத்தனை சொல்லிக் குடுத்தாலும் ஏறாது. வாங்க, டீ ஆறுது."

பெரியவர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா, "ஆமாங்க சார்" என்றார்.

அவர்கள் போன பிறகும் நான் மவுஸை விடவில்லை. பக்கத்தில் இருந்தவள்தான் என் விரல்களைப் பிரித்து எடுத்தாள்.

அடுத்த வாரம், பின்வரிசைக்கு இனி லேப் கிடையாது, தையல் வகுப்பு என்று அறிவித்தார்கள். எஸ்டேட் பிள்ளைகளுக்கு அதுதான் வருமாம். சித்தப்பாவுக்கு வேலை நிரந்தரமானது. வீட்டில் கோழி அடித்தார்கள். அம்மா எனக்குக் கோழிக்காலை எடுத்து வைத்தாள்.

குடும்பத்தையே காப்பாற்றிவிட்டேன் என்ற திமிரில் அதைக் கடித்துத் தின்றேன். பத்துப் பேருக்கு வாங்கிய மென்பொருள் இப்போது லேபில் மிஞ்சிய பத்துப் பேருக்குச் சரியாக இருக்கிறது என்பதோ, இனி யாரும் இன்னொன்று வாங்கத் தேவையில்லை என்பதோ எனக்கு உறைக்கவே இல்லை.