சுண்ணாம்பு தடவாத கலயம்

ஸ்காட்லாந்தில் ஏதோ ஓர் ஊரில், விளக்கு போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள், எங்கள் வீட்டு வேப்பெண்ணெய் பாட்டில் நின்றுகொண்டிருக்கிறது. அதைப் போய்ப் பார்க்கும் ஆசை எனக்கு இல்லை. பச்சையா கறுப்பா என்று சொல்ல முடியாத நிறம், நல்ல கனம். அப்பா கல்யாணத்துக்கு முன் திண்டிவனத்தில் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்றை இடிக்கும் கூலி வேலைக்குப் போனபோது மண்ணுக்குள் கிடைத்தது. அதன்மேல் புடைத்திருந்த இங்கிலீஷ் எழுத்துகளை எங்களில் யாரும் படித்துப் பார்த்ததில்லை. என் தலையில் பேன் வந்தால்தான் அம்மாவுக்கு அந்தப் பாட்டிலின் நினைப்பே வரும்.

நான் நான்காம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், அதைத் தேடிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். அழைத்து வந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. பாண்டிச்சேரியில் சுற்றுலாக்காரர்களுக்குக் கார் ஓட்டுகிறவர். அவருக்கு வாய் அதிகம். தனக்குத் தெரிந்த இங்கிலீஷ் போதவில்லை என்றால் கையையும் தலையையும் ஆட்டி மீதியைச் சொல்லிவிடுவார்.

வந்தவரின் ஊரில் பழைய பீர் காய்ச்சும் ஆலைகளின் சரித்திரத்தைக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு சங்கம் இருக்கிறதாம். அந்தக் காலத்தில் அங்கே காய்ச்சிய பீர் கப்பலேறி மெட்ராஸ் வரைக்கும் வந்திருக்கிறது. போன இடமெல்லாம் தேடி, மிச்சம் கிடந்த பாட்டில்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பாட்டிலைக் கையில் வாங்கி, எழுத்துகளில் தன் ஊர் ஆலையின் பெயரைப் படித்து, கட்டைவிரலால் தடவிப் பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. பேன் மருந்து வைத்திருந்த பாட்டிலுக்கு ஒரு மனிதர் அழுவார் என்று நான் நினைத்ததே இல்லை.

அவர் மடிக்கணினியைத் திறந்து படங்கள் காட்டினார். இடிக்கக் கூடாது என்று அரசாங்கமே உத்தரவு போட்ட புகைபோக்கி, பளபளவென்று துடைத்து வைத்த செப்பு அண்டா, பீப்பாய்க்குப் பட்டை அடித்த சுத்தியல். பார்லியை முளைகட்டித்தான் பீர் காய்ச்சுகிறார்கள் என்று மாமா சொன்னதும், கேப்பையை முளைகட்டுவதுபோலத்தான் போலிருக்கிறது என்று அம்மா சிரித்தாள். பீப்பாய் வண்டி இழுத்த குதிரைகளின் பெயர்களைக்கூட எழுதி வைத்திருக்கிறார்கள் என்றபோது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பாட்டிலை அவரையே எடுத்துப் போகச் சொல்லிவிட்டார் அப்பா. கைம்மாறாக எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. அப்போதுதான் அந்த மனிதர் கேட்டார், உங்கள் மண்ணின் குடி எது, அதை எப்படிச் செய்கிறீர்கள் என்று.

அப்பா பனையேறி. அவருடைய தொழிலைப் பற்றி அதுவரை கேள்வி கேட்டவர்கள் எல்லாரும் காக்கி உடுப்புப் போட்டவர்கள். அந்தக் கேள்விகள் எல்லாம் அடியில்தான் முடிந்திருக்கின்றன. இவரோ மரியாதையாகக் கேட்டார். அப்பா அன்றைக்குப் பேசியதுபோல ஒருநாளும் பேசி நான் கேட்டதில்லை. பாளை சீவுவதைக் கையாலேயே காட்டினார். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர், குழந்தையும் குடிக்கலாம். தடவாமல் கட்டினால் அதே மரத்தில் அதே பாளையில் இறங்குவது கள். பதநீர் விற்றால் பிழைப்பு, கள் விற்றால் ஜெயில்.

அந்தப் பனங்காலம் தொடங்கியதுமே ஒருமுறை பிடிபட்டு, இனி கள் இறக்க மாட்டேன் என்று அதிகாரி முன்னால் ஒரு வருஷத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருந்தார் அப்பா. மீறினால் அந்த ஒரு வருஷத்தின் மிச்ச நாளெல்லாம் உள்ளே. அதிலிருந்து அம்மாதான் கலயங்களுக்குச் சுண்ணாம்பு தடவினாள். தன் கையால் தடவினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

வெள்ளைக்காரர் ருசி பார்க்க ஆசைப்பட்டார். அன்று சாயங்காலம் அப்பா அம்மாவிடம் ஒரு கலயத்தை மட்டும் தடவாமல் தரச் சொன்னார்.

“எழுதிக் குட்த்துட்டு வந்தத மறந்துட்டியாய்யா?” என்றாள் அம்மா.

“ஒரே ஒரு கலயம். விக்கவா போறேன்? கடல் தாண்டி வந்து கேக்குறாரு. இன்னான்னு சொல்லி அனுப்புவேன்?”

அம்மா அந்தக் கலயத்தைக் கழுவினாள். கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். கடைசியில் அப்பாவே வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் நுரை பொங்கும் கலயத்தோடு அப்பா மரத்தடியில் நின்றார். வெள்ளைக்காரர் ஒரு வாய் குடித்து, கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ சொன்னார். நன்றாக இருக்கிறதாம். இதை நீங்கள் பத்திரமாகக் காப்பாற்ற வேண்டுமாம். மாமா அப்படியே மொழிபெயர்த்தார். இரண்டு பேரையும் கலயத்தோடு நிற்க வைத்துச் செல்போனில் படமும் எடுத்தார். மத்தியானம் வெள்ளைக்காரர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு காரில் போனார்.

அந்தப் படத்தைத்தான் மாமா, ‘எங்க மச்சான் கையால ஃபாரின் சரக்கு இல்ல, லோக்கல் சரக்கு’ என்று எழுதித் தன் நண்பர்கள் குழுவில் போட்டார். நண்பர்களில் ஒருவர் போலீஸ்காரர். எங்கள் மரத்தடியில் உட்கார்ந்து பலமுறை குடித்தவர்தான். எங்கள் வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றபோது அவர் மட்டும் இறங்கவில்லை.

மற்றவர்கள் இறங்கினார்கள். கொட்டகையில் அடுக்கியிருந்த கலயங்களை எல்லாம் லத்தியால் உடைத்தார்கள். பதநீர்க் கலயங்களையும்தான். அம்மா உடைந்த ஓடு ஒன்றைப் பொறுக்கி, அதில் ஒட்டியிருந்த வெள்ளையை நீட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். “மோந்து பாருங்க சார். சுண்ணாம்பு சார்.” யாரும் மோந்து பார்க்கவில்லை. அப்பாவைச் சட்டை போட்டுக்கொள்ளக்கூட விடாமல் ஏற்றிக்கொண்டு போனார்கள். வாசலெல்லாம் பதநீர் ஓடி ஈ மொய்த்தது. எனக்கு அன்றைக்கு மாமாமேல் வராத கோபம் இன்றைக்கு வருகிறது.

மிச்ச மாதங்களை விழுப்புரம் ஜெயிலில் கழித்துவிட்டு வந்த அப்பா, மரம் ஏறவில்லை. ரோட்டோரத்து அரசு மதுக்கடையை ஒட்டியிருந்த பாரில் வேலைக்குச் சேர்ந்தார். குடித்துவிட்டு வைக்கும் காலிப் பாட்டில்களைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்குகிற வேலை. அதற்கு யாரும் பிடிக்க மாட்டார்கள்.

தலைகாட்டாமல் இருந்த மாமா வெகுநாள் கழித்து வந்தார். அம்மா அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. வெள்ளைக்காரர் அனுப்பியது என்று செல்போனில் ஒரு படத்தை நீட்டினார். எங்கள் பாட்டில். எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் போய், கண்ணாடிக்குள் மினுமினுவென்று நின்றது. கீழே ஒரு சின்ன அட்டையில், தென்னிந்தியாவில் கிடைத்தது என்று எழுதியிருக்கிறதாம். கொடுத்தவர் பெயர் இல்லை.

அப்பா பாருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

“அத்த யாரும் வந்து ஒடச்சிட மாட்டாங்களே, பாப்பா?”

பெரிய மனுஷிபோல நான் சிரித்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள், யாரும் கை வைக்க முடியாது என்று விளக்கிச் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவர் பாட்டிலைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.