மூணு கட்டைக் கோவர்த்தனன் பெண்சாதி

என் அக்கா செங்கம்மாவை ஊரில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. மூணு கட்டைக் கோவர்த்தனன் பெண்சாதி என்பார்கள். அந்த மூணு கட்டையே அவள் போட்ட பிச்சை என்பது அவளுக்கும், மிருதங்கம் வாசித்த எனக்கும் மட்டும்தான் தெரியும்.

கோவர்த்தனன் மாமா நகரி, புத்தூர், காளஹஸ்திப் பக்கமெல்லாம் போய்க் கதை சொல்லிப் பாடுகிறவர். அவர் முன்னால் நிற்க, அக்கா பின்னால் ஆர்மோனியப் பெட்டியோடு உட்கார்ந்து சுருதி பிடிப்பாள். ஒரு கை காற்றடிக்கும், ஒரு விரல் கட்டையை அழுத்தும். மூன்றாவது வெள்ளைக் கட்டைதான் மாமாவின் சுருதி. ஆண்பிள்ளைக் குரலுக்கு அது ரொம்ப உயரம். நோட்டீசில்கூடப் பெயருக்கு முன்னால் 'மூணு கட்டை' என்று போட்டுக்கொள்வார், ஏதோ கலெக்டர் கொடுத்த பட்டம் மாதிரி.

வயது ஏற ஏறக் குரல் இறங்கியது. அது யாருக்கும் நடப்பதுதான். அக்கா சத்தமில்லாமல் விரலை இரண்டரைக்கு நகர்த்தினாள். பிறகு இரண்டுக்கு. நானும் கல்லால் தட்டி மிருதங்கத்தை இறக்கிக்கொண்டேன். மாமா மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு, "இன்னும் மூணு கட்டதான் பாடிக்கினு கீறேன்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நான் வாயெடுத்தால் அக்கா கண்ணாலேயே அடக்கிவிடுவாள்.

ஆந்திரா தனி மாநிலமாகி, புத்தூர் சென்னையோடு சேருமா ஆந்திராவிலேயே இருக்குமா என்று டீக்கடைக்கு டீக்கடை சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். திருப்பதியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ரங்கையா, பழைய வால்வுகளைப் போட்டு ஒரு மின்சார சுருதிப் பெட்டி செய்தார். காற்றடிக்க வேண்டாம், ஆளே வேண்டாம். பிளக்கைச் செருகினால் ஒரே சுருதியில் நாளெல்லாம் ரீங்காரம் போடும். மாமா கேட்டபடியே மூன்று கட்டையில் வைத்துக் கொடுத்தார். கூட்டிக் குறைக்கத் திருகாணி கிடையாது.

"இனிமே நீ வூட்ல இரு," என்றார் மாமா.

"அது உனுக்கு வாணாம் மாமா. தொண்ட பூடும்."

"உன் வேல பூடுதேன்னு வயிறு எரியுதா?"

இத்தனை வருஷம் பின்னால் உட்கார்ந்தவளுக்கு அதுதான் மரியாதை. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மிருதங்கத்தை அவர் தலையில் போட்டு உடைக்கலாம் போல வந்தது.

புத்தூரில் தமிழர் எல்லை மாநாடு. மாலையில் மாமாவின் கதை. கரண்டு நின்றால் ஆகுமே என்று ஆர்மோனியத்தையும் நான் வண்டியில் ஏற்றியிருந்தேன். அக்கா பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரங்கையா பெட்டியின் மூடியைத் திறந்து, அதன் பக்கத்திலேயே இருந்தார். மாமா முதல் விருத்தத்தை எடுத்து மேலே போனார். குரல் பிளந்தது. இருமிவிட்டு மறுபடி எடுத்தார். மறுபடியும் பிளந்தது. சனம் சிரித்தது.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "பொட்டிய மூடு, மூடுய்யா" என்று கத்தினாள்.

தெலுங்கில் 'மூடு' என்றால் மூன்று. அந்த இரைச்சலில் ரங்கையாவுக்கு அந்த ஒரு வார்த்தைதான் கேட்டிருக்கிறது. மூன்று கட்டைதானா என்று கேட்கிறாள்போல என்று நினைத்து, மூன்று விரலைக் காட்டி, "மூடேனம்மா, மூடே" என்றார்.

மேடையிலிருந்து தெலுங்கு காதில் விழுந்ததுதான் தாமதம். "ஆந்திராக்காரன் வேணும்னே கெடுக்கறான்" என்று யாரோ கிளப்பிவிட்டான். நாலைந்து பேர் மேடையேறி ரங்கையாவின் சட்டையைப் பிடித்தார்கள். பெட்டியைத் தூக்கிப் போட்டு உடைத்தார்கள். ஒருவன் மாமாவைக் கேட்டான்: "அவன்தான ஏத்தி வச்சான், கவுண்டரே?"

மாமா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "ஆமா" என்றார்.

பாவி. அந்த ஒரு 'ஆமா'வை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் ரங்கையாவின் மேல் அடி விழுந்தது.

அக்கா வண்டியிலிருந்த ஆர்மோனியத்தைத் தானே தூக்கிக்கொண்டு மேடையேறினாள். மாமாவுக்குப் பின்னால் அல்ல, எதிரே உட்கார்ந்தாள். மூன்றாவது கட்டையை அழுத்தினாள்.

"அந்தாள வுடுங்க. இது எங்க வூட்டுப் பொட்டி. மூணு கட்டைல வச்சிகீறேன். பாடு மாமா."

அவர் வாய் திறந்தார். காற்றுதான் வந்தது. அக்கா விரலை நகர்த்தினாள்.

"இது ரெண்டு. இத்தினி வருசமா நீ பாடினது இதுதான். பாடு."

மாமா பாடவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். ரங்கையாவின் சட்டையைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. அடித்தவர்களில் ஒருவன்கூட ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. பெட்டிச் சில்லுகளைத் துண்டில் கட்டிக்கொண்டு ரங்கையாவை ரயில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். உதட்டில் ரத்தத்தோடு அவர் கேட்டார்: "அம்மா மூடுன்னுதான சொல்லிச்சி?"

நான் திரும்பி வந்தபோது மாமா வீட்டு வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"ஊரு நடுவுல என் மானத்த வாங்கிட்டியேடி."

அக்கா ஆர்மோனியத்தைக் கீழே இறக்கி வைத்தாள்.

"உன் மானத்தத்தான் இத்தினி வருசமா விரலால அழுத்திப் புடிச்சிக்கினு இருந்தேன்," என்றாள். "கை வலிக்குது, மாமா."