பிளக்கைப் பிடுங்கிய சிங்காரம்

கடலூர் ஓல்ட் டவுனில் 'சிங்காரம் சவுண்ட் சர்வீஸ்' கேட்காத காது கிடையாது. காதுகுத்தோ கருமாதியோ, விடிகிற நேரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி ஊரைத் தூங்கவிடாமல் செய்வது சிங்காரம்தான். மைக்கைச் சோதிக்க எல்லாரும் ஒன்று இரண்டு எண்ணுவார்கள். அவர் முப்பது வருசமாக "லோகநாயகி, லோகநாயகி" என்பார். பெண்டாட்டி பேர். அந்தப் பேர் சுத்தமாகக் காதில் விழுந்தால் எதுவும் விழுமாம். லோகநாயகிக்கு மானம் போனதுதான் மிச்சம்.

உப்பனாற்றங்கரையில் வெள்ளைக்காரன் காலத்துக் கிடங்கு ஒன்று பாழாய்க் கிடந்தது. அதை ஒரு டிரஸ்ட் எடுத்து, சுண்ணாம்பு பூசி, அறுபது நாற்காலி போட்டுச் சின்ன அரங்கமாக்கியது. அங்கே மைக் வேலை நிரந்தரமாகக் கிடைத்தால் மழைமாதத்திலும் பிழைப்பு ஓடும். வேலை தனக்குத்தான் என்று சிங்காரம் புதுச்சட்டைகூடத் தைத்துவிட்டார். டிரஸ்ட்காரர்களோ சிதம்பரத்திலிருந்து அருள்மொழி என்ற இளவட்டத்தைக் கூப்பிட்டார்கள்.

அன்றிலிருந்து சிங்காரத்துக்குச் சோறு இறங்கவில்லை. அருள்மொழியின் கறுப்புப் பெட்டி, லேப்டாப், முதுகில் பேர் போட்ட பனியன், எல்லாவற்றுக்கும் நொட்டை சொன்னார். அவனோ பார்க்கும்போதெல்லாம் "வாங்க மாமா" என்று மரியாதை கொடுத்துத் தொலைத்தான். திட்டவும் வழியில்லை.

திறப்பு விழா ஞாயிறு சாயங்காலம். சிங்காரமும் லோகநாயகியைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். அண்ணாகிராமத்துப் பொன்னி பாட வந்திருந்தாள். கூத்துப் பாட்டில் பழகிய தொண்டை. ஆனால் முதல் பாட்டில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. வெறும் சுவரில் முட்டித் திரும்பிய சத்தம் அடுத்த சத்தத்தின் தலையில் விழுந்தது. அருள்மொழி திறந்தவெளி மேடைகளில் தொழில் கற்றவன். புரியவில்லையா, வால்யூமை ஏற்று. ஏற்றினான். இன்னும் குழம்பியது. சிங்காரமும் அதையேதான் செய்திருப்பார், ஒப்புக்கொள்ளத்தான் மாட்டார்.

அவருக்கு வயிறு குளிர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். இன்னும் கொஞ்சம் அசிங்கப்படட்டும் என்று, ஒன்றுக்குப் போகிறவர்போல எழுந்துபோய், தூணுக்குப் பின்னால் இருந்த பிளக்கைப் பிடுங்கினார்.

மைக் செத்தது. அருள்மொழி பெட்டிப் பித்தான்களைத் திருகித் திருகிப் பார்த்தான். பொன்னி மைக்கை ஒருதரம் பார்த்தாள், நகர்த்தி வைத்தாள், விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தாள். சத்தத்தைக் குழப்பிய அதே சுவர் வெறுங்குரலை அப்படியே ஏந்திக் கொடுத்தது. ஒவ்வொரு சொல்லும் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்ததுபோல விழுந்தது. அவள் மூச்சு வாங்கியதுகூடக் கேட்டது.

கைதட்டல் அடங்கியதும் டிரஸ்ட் நடத்தும் கயல்விழி அம்மா மேடையேறினார். இனி இந்த அரங்கத்தில் மைக்கே கிடையாது என்றார். ஒரே இழுப்பில் அருள்மொழி வேலையும் போயிற்று, அவனைத் துரத்திவிட்டு சிங்காரம் பிடிக்கவிருந்த வேலையும் போயிற்று. பிளக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

ஒயரைச் சுருட்டிக்கொண்டே அருள்மொழி வந்து நின்றான்.

"மாமா, நீங்கதான புடுங்குனீங்க?"

"ஆமாண்டா."

"நல்லவேள. நானே புடுங்கி வேலையத் தொலச்சிருந்தன்னா எங்க வீட்ல ஒதச்சிருப்பாங்க."

சிங்காரத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் பொறாமை அடங்கவில்லை, ஆள் மட்டும் மாறியிருந்தது. இப்போது அந்தச் சுவர்மேல். முப்பது வருசம் மரமேறி ஒயர் இழுத்துத் தான் செய்ததை, சும்மா நிற்கிற சுவர் செய்துவிட்டதே.

கூட்டம் போனபின் மேடையேறினார். மைக் இல்லை. மெதுவாகச் சொன்னார்: "லோகநாயகி."

கடைக்கோடி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்.

"கேக்குதுங்க. வூட்லயும் இப்புடியே கூப்புடுங்க."