லட்சணம் கெட்ட ஊர்

எந்த ஊரைப் பற்றியும் அவளிடம் கருத்துக் கேட்கக் கூடாது. கேட்டால் உங்கள் ஆசையில் மண் விழுந்துவிடும். கடற்கரை ஊர் என்று வாயைத் திறந்தால், "சுவரெல்லாம் ஓதம்" என்பாள். பூங்கா நகரம் என்றால், "வருஷத்துல மூணு மாசம் கதவைத் திறக்க முடியாது" என்பாள். ஆறு, பாலம், காலைப் பனி என்று நீங்கள் உருகினால், அந்தப் பனிக்குள் எத்தனை ஆலைகளின் புகை உட்கார்ந்திருக்கிறது என்று விரல்விட்டு எண்ணிச் சொல்வாள். பிறவியிலேயே இப்படிச் சிடுசிடுப்பானவள் இல்லை. கல்யாணமான புதிதில், பேருந்தில் சன்னலோரம் தனக்குத்தான் என்று புருஷனோடு சண்டை போட்டவள்தான். மகளுக்கு எட்டாம் மாதத்தில் முதல்முறையாக மூச்சு இளைத்தது. அன்றோடு அவளுக்கு ஊர் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது.

புருஷனுக்குக் குடிநீர் வாரியத்தில் பம்ப் ஆபரேட்டர் வேலை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு மாற்றல். புது ஊரில் குடியிருப்பின் சாவியை வாங்கியதும் மற்றப் பெண்கள் சமையலறையைப் பார்ப்பார்கள். இவள் சன்னல்களைப் பார்ப்பாள். காற்று எந்தப் பக்கம், எதிரே என்ன மரம், மூடினால் இடுக்கு எவ்வளவு. பழைய துணியைத் திரித்து இடுக்குகளை அடைத்த பிறகுதான் பெட்டியைத் திறப்பாள். முதல் ஊரில் 'சன்னல் அக்கா' என்று யாரோ கேலியாக வைத்த பெயர் அடுத்தடுத்த ஊர்களுக்கும் கூடவே வந்தது. வாரியத்து ஆட்களின் வாய் சும்மா இருக்குமா?

முதல் ஊர் துறைமுகம். மூன்றாம் மாடியில் நின்றால் கப்பல்கள் தெரியும். சொந்தக்காரர்கள் ஆசை ஆசையாக வந்து தங்கினார்கள், கப்பலைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். சுவர் மூலையில் கருப்பாகப் படர்ந்த பூஞ்சையை ஒருவரும் பார்க்கவில்லை. குழந்தையின் நெஞ்சில் எந்நேரமும் விசில் சத்தம். அடுத்த ஊரில் சாலையின் இருபுறமும் மரங்கள், பருவம் வந்தால் தெருவே மஞ்சளாகிவிடும். ஜனங்கள் அதில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பூந்தூள் ஒத்துக்கொள்ளாமல் குழந்தையால் படுக்க முடியாது, அவள் மடியில் உட்கார்ந்தபடியே தூங்கும். "அழகு அழகுன்னு சாகறாங்களே, இந்த அழகை நான் என்ன பண்றது?" என்று அந்த மரங்களைப் பார்த்தே திட்டியிருக்கிறாள்.

மூன்றாவது ஊரை அவள் இன்றுவரை மறக்கவில்லை. ஆறும் ஒன்பது பாலங்களும் உள்ள ஊர் அது. ஒரு நாள் காலையில் குழந்தைக்கு வீசிங் அதிகமாகி வாடகை வண்டியில் ஓடினார்கள். நடுப் பாலத்தில் நெரிசல். முன்னாலும் பின்னாலும் வண்டிகள், நகர வழியில்லை. மடியில் மகளின் உதடு நீலமாகிக்கொண்டிருக்கிறது, பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து யாரோ பனியைப் படம் பிடிக்கிறார்கள். கடைசியில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி ஓடினாள். பிழைத்துக்கொண்டது. ஆனால் வண்டிக்குள் இருந்தபோது, அந்த நேரத்திலும் புருஷன் ஒருமுறை தலையைத் திருப்பி ஆற்றைப் பார்த்ததை அவள் கவனித்திருந்தாள். அதை அவள் மன்னிக்கவேயில்லை.

அப்புறம்தான் இந்த ஊர். பாறை மேல் கட்டிய ஊர். புல் முளைக்க மண் இல்லை, மண் இல்லாததால் புழுதியும் இல்லை. அளவுகோல் வைத்துக் கிழித்தாற்போலத் தெருக்கள், சாம்பல் நிறத்தில் ஒரே மாதிரி வீடுகள். காய்ந்த வெயில், காய்ந்த காற்று. இங்கே மாற்றல் என்றால் வாரியத்தில் தண்டனை என்று அர்த்தம். வந்து இறங்கிய அன்று புருஷன், "லட்சணம் கெட்ட ஊரு" என்று முணுமுணுத்தான். அவளும் ஆமாம் என்றாள்.

ஆனால் நாலாவது மாதம் மகள் படுத்துத் தூங்கினாள், நீட்டி, மல்லாந்து, கையைக் காலைப் பரப்பிக்கொண்டு. மூச்சுக்கு மருந்து பிடிக்கும் மெஷின் அலமாரிக்கு மேலே போயிற்று. டாக்டர், "இந்தக் காய்ஞ்ச காத்துதான்மா உங்க பொண்ணுக்கு மருந்து. இங்கயே இருந்துடுங்க" என்றார். ஒரு வருடம் கழித்து அவள் வாழ்க்கையில் முதல்முறையாகச் சன்னல் துணிகளைப் பிடுங்கி எறிந்தாள். இரண்டு வருடம் நிம்மதியாகப் போயிற்று. அவள் உடம்பில்கூடக் கொஞ்சம் சதை போட்டது.

ஒரு நாள் மத்தியானம் புருஷன் சட்டைப் பையில் காகிதத்தோடு வந்தான்.

"மாத்தல் வந்திருக்கு. ஏரிக்கரை ஊரு."

அந்த ஊரைத் தெரியாதவர் யார்? மலை, ஏரி, நான்கு பக்கமும் மரம், எந்நேரமும் ஈரம். அங்கே போகச் சிபாரிசுக்கு அலைபவர்கள் ஏராளம். அவன் முகத்தைப் பார்த்தாள். வருத்தமாக வைத்துக்கொள்ளப் பார்த்தான், முகம் கேட்கவில்லை.

மறுநாள் அவனிடம் சொல்லாமல் மூன்று மணி நேரம் பேருந்தில் போய்த் தலைமை அலுவலகத்தில் நின்றாள். குமாஸ்தா அவள் சொன்னதைக் கேட்டுப் பக்கத்து மேஜைக்காரனைக் கூப்பிட்டான். "இங்க பாருய்யா, அந்தப் பாறையிலயே இருக்கணும்னு கெஞ்சறாங்க. இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்பதான் பாக்கறேன்." இருவரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் பெரிய அதிகாரியிடம் அனுப்பினார்கள்.

அதிகாரி நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். அவள் நான்கு ஊர்களையும் சொன்னாள். பாலத்தை இரண்டு முறை சொன்னாள். "அந்த ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போனா எம்பொண்ணு பொழைக்க மாட்டா சார். உங்க கால்ல வேணா விழறேன்."

அதிகாரி குழம்பிப்போனார். கோப்பை வரவழைத்துப் புரட்டி, ஒரு காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். "அம்மா, இது நாங்களா போட்ட மாத்தல் இல்ல. உங்க வீட்டுக்காரர் கேட்டது. மூணு தடவை எழுதியிருக்கார்."

புருஷனின் குண்டுக் குண்டு எழுத்து. 'என் மகளுக்குத் தீராத மூச்சுக் கோளாறு இருப்பதால், மரங்களும் குளிர்ச்சியும் தூய காற்றும் நிறைந்த ஏரிக்கரை ஊருக்கு மாற்றித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

"பொண்ணு உடம்புன்னு போட்டிருக்கவும் நானே பரிந்துரை பண்ணினேன்மா" என்றார் அதிகாரி. "ரத்து பண்ணலாம். ஆனா அவர் சொன்ன காரணம் பொய்ன்னு நீங்க எழுதிக் குடுக்கணும். குடுத்தா விசாரணை வரும். வேலைக்கே உலை வச்சிடும். யோசிச்சுக்குங்க."

வெள்ளைக் காகிதமும் பேனாவும் முன்னால் வந்தன. 'ஐயா' என்று எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை. வேலை போனால் எந்த ஊர்க் காற்றைக் குடித்து உயிர் வாழ்வது? காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வர இன்னும் நேரமிருந்தது. புருஷன் வேலைச் சட்டையை உலர்த்திக்கொண்டிருந்தான்.

"குட்டிக்கு ஈரம் ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. சட்டையின் சுருக்கத்தை நீவிக்கொண்டே சொன்னான். "தெரியும்."

"தெரிஞ்சுமா அவ பேரை எழுதினீங்க?"

"அவ பேரைச் சொன்னாத்தான் கையெழுத்துப் போடுவாங்க. எனக்கு ஆகலைன்னா யாரு கேப்பாங்க?"

"அப்ப நேரா ஏரியில கொண்டுபோய்த் தள்ளிடுங்க! ஒரேயடியா தொலையட்டும்!"

அவன் திரும்பினான். இப்படி உடைந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. "பன்னெண்டு மணி நேரம் அந்த பம்ப் ரூம்ல இருக்கேன். சன்னல்கூடக் கிடையாது. வெளிய வந்தா கல்லு. வீட்டுக்கு வந்தா கல்லு. கண்ணை வைக்க ஒரு பச்சை இலை இல்ல. நாலு ஊரா உனக்கு அவ மூச்சு மட்டும்தான் கேக்குது. எனக்கும் இங்க மூச்சு முட்டுதுடி. பைத்தியம் பிடிச்சிடும் போல இருக்கு. ஒரு நாளாவது கேட்டியா?"

கேட்டதில்லை. பதினோரு வருடத்தில், உங்களுக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறதா என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்டதில்லை. அதை உணர்ந்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்தக் காகிதத்தை நினைத்தால் உடம்பு பற்றி எரிந்தது. கேட்கவேண்டிய மன்னிப்பை அவளும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவன் மட்டும் ஒற்றைப் பெட்டியோடு பேருந்து ஏறினான். வருகிறேன் என்று மகளிடம் சொன்னான், எப்போது என்று சொல்லவில்லை. வாரியத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவள் பாத்திரக் கடைக்கு மேலே மொட்டைமாடி ஓரத்தில் ஒரு அறை பிடித்து, கீழேயே கணக்கில்லாத எவர்சில்வர் தட்டுகளைத் துடைத்து அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். மகளுக்குச் சொன்ன பொய் இதுதான்: அப்பாவுக்கு அங்கே வீடு கிடைக்கவில்லை.

மூன்றாம் வாரம் அவனோடு பம்ப் ரூமில் வேலை பார்த்தவரின் மகள் பள்ளிக்கூடத்தில் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டாள். மகள் இரண்டு மாடிப் படியையும் தடதடவென்று ஏறி வந்து, பையைச் சுவரில் வீசினாள்.

"அப்பாவுக்கு அங்க பெரிய வீடு குடுத்திருக்காங்களாம் ஏரி தெரியுதாம் நீதான் வரமாட்டேன்னு சொன்னியாம் எனக்கு மூச்சு வராதுன்னு சொல்லி அப்பாவைத் தனியா அனுப்பிட்டியாம் உன்னை யாரு சொல்லச் சொன்னா நான் கேட்டேனா?"

அவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னாள். பழக்க தோஷத்தில் தாயின் காது பேச்சைவிட்டு நெஞ்சுக்குப் போயிருந்தது. விசில் இல்லை, இளைப்பு இல்லை.

"மூச்சு மூச்சுன்னுதானே அப்பாவை விரட்டினே? இனிமே நான் மூச்சே விடமாட்டேன், போ!"

சொல்லிவிட்டு மகள் உதட்டை இறுக்கி மூக்கைப் பொத்திக்கொண்டாள். கன்னம் உப்பியது, கண்ணில் நீர் முட்டியது. தாய் பதறிப்போய் மண்டியிட்டு அந்தக் கையை விலக்கப் பார்த்தாள். "வேணாம் குட்டி, விடுடி, அம்மா தப்புதான், மூச்சை விடு" என்று கெஞ்சினாள். மகள் அவளை முறைத்தபடியே நின்றாள். இந்த ஊர்க் காற்றில் தேறிய நெஞ்சு அது. நெடுநேரம் தாங்கியது.