முதல் குடத்துத் தண்ணீர்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நாலு, செத்துப்போன நாத்தனாருடைய மகளையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஐந்தும் எங்கள் ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த உடம்பு.

பெரிய ஆறு ஒன்றுமில்லை. கொல்லிமலையிலிருந்து இறங்கி எங்கள் ஊரைத் தாண்டிப் போகிற சிற்றாறு. கோடையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்கரை போய்விடலாம். ஆனால் மணலைக் கையால் பறித்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஊறும். ஊருக்கு மேலே மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் ஆலை வந்தது. அதன் கழிவு வெள்ளையாக ஆற்றில் இறங்கியது. புளித்த மாவு நாற்றம். முதலில் கெண்டைகள் மிதந்தன. பிறகு எருமைகள் கரைக்கு வந்து, மோந்து பார்த்துவிட்டுத் திரும்பின.

ஆலைக்குப் போய் முதலாளியிடமே கேட்டேன். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"ஏனுங்காத்தா, சுத்தம் பண்ணித்தானுங்க உடறோம். குடிக்கவே குடிக்கலாம்."

பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளை சிரித்தான். அந்தச் சிரிப்பை முந்தானையில் முடிந்துகொண்டு வீடு வந்தேன்.

மாரியம்மன் நோம்பிக்கு ஆற்றிலிருந்துதான் தீர்த்தக்குடம். முதல் குடம் எங்கள் வீட்டுப் பாத்தியம். இப்போது என் தலையில். அதிலிருந்து ஒரு கை தீர்த்தத்தைப் பரிவட்டம் கட்டி நிற்கிறவர் குடித்த பிறகுதான் அம்மனுக்கு அபிஷேகம். ஆறு கெட்ட பிறகு, போர்க்கிணற்றுத் தண்ணீரை டிராக்டர் டேங்கில் கொண்டுவந்து கரையில் நிறுத்தினார்கள். ஆற்றைக் கும்பிட்டுவிட்டு, டேங்கில் குடத்தை நிரப்பி, மேளத்தோடு வருவோம். யாரும் வாய் திறப்பதில்லை.

போன நோம்பிக்குப் பரிவட்டம் அந்த முதலாளிக்கு. கோபுரத்துக்கு வர்ணம் அடித்துக் கொடுத்தாராம். நான் டேங்குப் பக்கம் போகவில்லை. ஆலைக் குழாய்க்குக் கீழே இறங்கிக் குடத்தை முக்கினேன். குடத்து வாயில் வேப்பிலையை நன்றாக அடைத்தேன். கூட நடந்த மருமகளுக்கு மட்டும் நாற்றம் தெரிந்துவிட்டது.

"அத்தை, வேண்டாமுங்க."

"வாய மூடிட்டு நட சாமி."

கோயிலில் பூசாரி வேப்பிலையை எடுத்ததும் முன்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். முதலாளி கையில் ஊற்றிய தண்ணீர் விரலிடுக்கில் வெள்ளையாக வழிந்தது.

"என்னங்காத்தா இது? டேங்குல போர் தண்ணிதானுங்களே புடிப்பீங்க?" ஊர் காதில் விழும்படி அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்.

"அம்மனுக்கு ஆத்துத் தண்ணிதானுங்க. நீங்க சுத்தம் பண்ணி உட்டதுங்க. குடிங்க" என்றேன்.

பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்: "குடிங்க மொதலாளி! உங்க ஊட்டுச் சமையல்தானுங்களே!"

கூட்டம் சிரித்தது. அவர் பரிவட்டத்தைத் தானே அவிழ்த்துத் தட்டில் போட்டுவிட்டுக் காரேறினார். என் குடத்தை அம்மன் பக்கம் கொண்டுபோகவில்லை. வெளியே, அவர் கார் நின்ற இடத்தில் கவிழ்த்தேன்.

பிறகு அவர் மனைவி தட்டில் பழமும் சேலையுமாக வந்தார்.

"அவிங்க வெளிய தல காட்ட முடியலீங்க. தெரியாமப் பண்ணிட்டேன்னு கோயில்ல ஒரு வார்த்த சொல்லிருங்க."

"தெரிஞ்சுதானுங்க பண்ணுனேன்."

மோர் கொடுத்தேன். குடித்ததும் சேலையைத் திருப்பிக் கொடுத்தனுப்பினேன்.

குழாய் இன்னும் இருக்கிறது. மண்ணுக்குள் புதைத்து, கொஞ்சம் தள்ளி ஆற்றில் விடுகிறார்கள். என் கோபமும் அப்படியே இருக்கிறது. நான் போன பிறகு, கிழவிக்குப் புத்தி தடுமாறிக் குடம் மாறிவிட்டது என்று கதை கட்டுவார்கள். எனக்கு என் பேரை எழுதத்தான் தெரியும். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

"கண்ணு, மொதல்ல இருந்து படி. அந்தாளு பரிவட்டத்த அவுத்த எடத்துல மட்டும் நல்லாச் சத்தமாப் படி சாமி. சன்னல் தொறந்தே இருக்கட்டும்."