டயர்டாக இருந்தால் விழுங்கக் கூடாத குளிசை

ஹட்டன் பக்கமிருந்து இதைப் படிக்கிற என் சனங்களுக்குக் குளிசை என்றால் விளங்கும். இங்கே அதை மாத்திரை என்கிறார்கள். இது எனக்குத் தெரியாததல்ல; கப்பலேறி வந்த வருடமே மண்டபம் முகாமில் தெரிந்துகொண்டேன். ஆனாலும் அவசரத்தில் வாய் தன் பழைய வழியிலேயே போகிறது. போன வாரம் கொடைக்கானல் மருந்துக்கடையில் கூட்டத்துக்கு நடுவே, "தலையிடிக்கு ஒரு குளிசை குடுங்க" என்றேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண், "குளிக்கிறதுக்காம்மா? எந்த சோப்பு?" என்று கேட்டு மூன்று வாசனையில் சோப்பை எடுத்து முன்னால் வைத்தாள். கூட வந்திருந்த சரோஜா விழுந்து விழுந்து சிரித்தாள். "தலவலி மாத்திரை கேக்குறாங்க தங்கச்சி. எங்கக்கா சிலோன்ல பொறந்தவுங்க" என்றாள். அந்தப் பெண் உடனே மாத்திரையைக் கொடுத்துவிட்டாள். சரோஜா சொன்னால் இந்த மலையில் எல்லாருக்கும் எல்லாம் உடனே விளங்கும்.

சரோஜா என் கொழுந்தனாரின் மனைவி. மேல்மலையில் பூண்டு பயிரிடுகிற குடும்பத்துப் பெண். என் கொழுந்தனாரை விரும்பிக் கட்டிக்கொண்டாள். சிலோன்காரன் வீட்டுக்குப் பெண் கொடுப்பதா என்று அவள் வீட்டில் கொஞ்ச காலம் முறுக்கிக்கொண்டு திரிந்தார்கள், பிறகு பேரப்பிள்ளை பிறந்ததும் மூட்டை மூட்டையாகப் பூண்டும் உருளைக்கிழங்கும் வந்து இறங்கின. மூன்று பிள்ளை பெற்றவள். மூன்று ஆள் சோறு தின்பாள். ஆனால் கல்யாண ரவிக்கை இன்றைக்கும் அவளுக்குப் பிரிக்காமல் தைக்காமல் பொருந்துகிறது. அவளைப் பார்த்தால் எனக்குப் பொறாமை. கொஞ்சம், லேசாக என்றெல்லாம் சொல்லிப் பூசி மெழுக மாட்டேன். நல்ல கொழுத்த பொறாமை. போதாததற்கு என் வீட்டுக்காரர் வேறு நான் படியேறி மூச்சு வாங்கும் நேரம் பார்த்து, "சரோசாவப் பாரு, ஆடு மாதிரி ஏறுது" என்பார்.

இந்தப் பொறாமையின் கதை விசித்திரமானது. அங்கே தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த காலத்தில் நான் குச்சியாக இருந்தேன். வளையல் போட்டால் முழங்கைவரை ஓடும். எங்கள் கணக்கப்பிள்ளையின் மனைவி நல்ல பருமன். அவர் கோயிலுக்கு வரும்போது வளையல்கள் சதையில் பதிந்து அசையாமல் நிற்கும். அம்மா கொழுந்துக்கூடையை இறக்கிவைத்துவிட்டு, "என்னா ஒடம்பு பாரு புள்ள, குடுத்து வச்ச மகராசி" என்பார். விடியுமுன் பேர் பதியப் பிரட்டுக்கு ஓடுகிறவர்கள் எல்லாம் எலும்பும் தோலும். உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்குத்தான் உடம்பு. அந்த அம்மாவின் கைகளைப் பார்த்து நான் ஏங்கிய ஏக்கம் கொஞ்சமல்ல. அப்படி ஒரு உடம்பு வந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று மாரியம்மனிடம் வேண்டியிருக்கிறேன்.

மாரியம்மன் தாமதமாகக் கொடுத்தாள், நாட்டை மாற்றிக் கொடுத்தாள். இந்த மலைக்கு வந்து முதலில் காட்டு வேலை, தோட்ட வேலை என்று அலைந்தேன். பிறகு வட்டக்கானலில் ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் வேலை கிடைத்தது. அடுப்படியில் நின்றபடியே வெண்ணெயும் பான்கேக்கும் ருசி பார்த்து, மிஞ்சியதை வீணாக்க மனம் வராமல் தின்று, வேண்டிய உடம்பு வந்து சேர்ந்தது. அதற்குள் இங்கே காலம் மாறிவிட்டது. பருமனைப் பார்த்து மகராசி என்கிற வாய் ஒன்றும் மிச்சமில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட ஒதுங்கிச் சிரிக்கிறார்கள். அங்கே மெலிந்திருந்து பருத்தவளைப் பார்த்து வயிறெரிந்தேன். இங்கே பருத்திருந்து மெலிந்தவளைப் பார்த்து வயிறெரிகிறேன்.

இடையில் என் கழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொண்டைக்குழிக்கு மேலே எனக்கு ஒரு வீக்கம் உண்டு. அதற்காக டாக்டரம்மா தினமும் காலையில் வெறும் வயிற்றில் போட ஒரு சின்ன மாத்திரை கொடுத்திருந்தார். அவர் அதைக் கழலை மாத்திரை என்பார், நானும் அப்படியே சொல்வேன். அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் உண்டென்பதோ, அந்தப் பெயரை நான் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதோ எனக்குத் தோன்றியதே இல்லை.

இரண்டாயிரங்களின் கடைசியில் எங்கள் விடுதியில் ஐரோப்பாவிலிருந்து ஒரு வெள்ளைக்காரி வந்து மாதக்கணக்கில் தங்கினாள். மார்த்தா என்று பெயர். அவளுக்கு நான் தேங்காய்ப்பூ போட்டு எங்கள் தோட்டத்து ரொட்டி சுட்டுக் கொடுப்பேன். சம்பலைத் தொட்டுக்கொண்டு அடுக்கடுக்காகத் தின்றுவிட்டு நீல நிற மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொள்வாள். ஆள் ஒல்லி. எது என்று ஒருநாள் சைகையில் கேட்டேன். "ஃபேட் பிளாக்கர்" என்றாள். வயிற்றைத் தட்டிக்காட்டி, கொழுப்பு உள்ளே போகாமல் அப்படியே வெளியே போய்விடும் என்று கையாலேயே விளக்கினாள். நான் வாயைப் பிளந்தேன். தின்னவும் வேண்டும், ஒட்டவும் கூடாது என்பதற்கு ஒரு குளிசை இருக்கிறது, அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை!

அவள் ஊருக்குப் புறப்படும்போது மீதமிருந்த பெட்டிகளை என் கையில் வைத்தாள். நான் ஆசைப்பட்டதைக் கவனித்திருக்கிறாள், பாவம், நல்ல மனசு. கொடுத்துவிட்டு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, தன் தொண்டையில் விரலை வைத்து, "யூ தைராய்ட், நோ டேக். ஓகே?" என்றாள். அவள் இங்கிலீஷ் அவள் நாட்டு இங்கிலீஷ், என்னுடையது அடுப்படி இங்கிலீஷ். என் காதில் விழுந்தது டயர்டு; களைப்புக்கு எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். மலையேறிவிட்டு வருகிற வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரும் நாற்காலியில் விழுந்து அதைத்தான் சொல்வார்கள். தொண்டையில் விரல் வைத்தது விழுங்குவதைக் காட்ட என்று எடுத்துக்கொண்டேன். "டயர்டு, நோ டேக். ஓகே மேடம்" என்று நானும் சொன்னேன். அவள் திருப்தியாகத் தலையாட்டினாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து விடைபெற்றோம்.

நான் சொன்ன சொல் தவறாதவள். களைப்பாக இருந்தால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, மூச்சு சீரானதும்தான் மாத்திரையைப் போட்டேன். முதல் சில நாள் வயிறு சத்தம் போட்டது, அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து சரோஜாவின் ஊரில் கெடா வெட்டு. அங்கே ஒரு வழக்கம், சம்பந்தி வீட்டு ஆள் இலையில் இரண்டாம் முறை கறி வாங்காமல் எழுந்தால் அது சண்டைக்குச் சமம். நான் இரண்டாவதும் வாங்கினேன், மூன்றாவதும் வாங்கினேன். மாத்திரைதான் இருக்கிறதே என்கிற தைரியம். சரோஜாவின் அண்ணன் நெஞ்செலும்பாகப் பார்த்துப் பார்த்து வைத்தார். எண்ணெய் விரலிடுக்கில் வழிந்தது.

திரும்பும்போது ஜீப்பில் வளைவுக்கு வளைவு வயிறு புரண்டது. கொஞ்சம் காற்றுப் பிரியும் என்று நினைத்துத்தான் விட்டேன். காற்றோடு சேர்ந்து சூடாக எண்ணெய் இறங்கியது. அடக்க முடியவில்லை, வருகிறது என்று முன்கூட்டித் தெரியவும் இல்லை. வெளிர்மஞ்சள் பட்டுப்புடவையில் செம்மஞ்சளாக ஒரு வட்டம் பரவிக்கொண்டே போனது. ஜீப் நிறைய சொந்தக்காரர்கள். எனக்கு உயிரே போய்விட்டது. சரோஜா பார்த்துவிட்டாள். சத்தம் போடாமல் தன் சால்வையை எடுத்து என் இடுப்பில் சுற்றினாள். "ஏண்ணே, வண்டிய நிப்பாட்டுங்க. அக்காவுக்குக் கொமட்டுதாம்" என்று சொல்லி என்னை இறக்கிக் காட்டுக்குள் கூட்டிப்போனாள். ஓடையில் புடவையை அலசினோம். எண்ணெய்க் கறை போகவேயில்லை. அழுகையாக வந்தது, மாத்திரை விஷயத்தை அவளிடம் சொல்லிவிட்டேன்.

"கொழுப்ப எடுக்குற மாத்திரையா? அப்ப எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு குடுங்கக்கா. அவருக்குத்தான் கூடிப்போய்க் கெடக்கு" என்று சிரித்தாள். பிறகு முகம் மாறி, "வேணாங்கா. எந்த நாட்டு மருந்தோ என்னமோ. வெரசா தூக்கிப் போடுங்க" என்றாள்.

நான் தூக்கிப் போடவில்லை. அவள் சொன்னதாலேயே வைத்துக்கொண்டேன். நான் மெலிந்துவிடுவேன், வீட்டில் தன்னை மட்டும் பாராட்டுகிற பேச்சு நின்றுவிடும், அது அவளுக்குப் பொறுக்கவில்லை என்று கணக்குப் போட்டேன். பொறாமைக்காரிக்கு ஊரெல்லாம் பொறாமைக்காரியாகத்தான் தெரியும். கறியை மட்டும் குறைத்துக்கொண்டு, உள்ளே பழைய துணி வைத்துக்கொண்டு, மாத்திரையைத் தொடர்ந்தேன்.

மழை முடிந்து பனி இறங்கியபோது எனக்கு உடம்பு என்னமோ செய்தது. காலையில் எழுந்திருக்க முடியவில்லை. எல்லாரும் ஒரு ஸ்வெட்டர் போட்ட குளிருக்கு எனக்கு இரண்டும் கம்பளியும் போதவில்லை. சீப்பில் முடி கொத்தாக வந்தது. முகம் ஊதி, கண் இடுங்கி, குரல் கட்டைக் குரலாகிவிட்டது. எந்த உடம்பைக் குறைக்கப் போட்டேனோ அது இன்னும் கனத்தது. விடுதி முதலாளி இரண்டு முறை பார்த்துவிட்டு, மூன்றாம் முறை வேறு ஆள் பார்க்கட்டுமா என்று கேட்டார். இந்த மலையில் எனக்கென்று இருக்கிற ஒரே பிடிமானம் அந்த அடுப்படிதான். அது போனால் நான் யார்? பயந்துபோய், டயர்டாக இருந்தால் போடக்கூடாது என்றாளே என்று நினைத்து, மத்தியானம்வரை படுத்துக் களைப்பைப் போக்கிவிட்டு மாத்திரையைப் போட்டேன். வரவர அந்தக் களைப்பு போகவே இல்லை.

ஒருநாள் சரோஜா வெள்ளனே வந்தாள். கதவுக்குள்ளிருந்து "யாரு?" என்றேன். "ஏக்கா, மாமா பேசுறாகன்னுல்ல நெனச்சேன்! என்ன கொரலு இது?" என்று பதறி உள்ளே வந்தவள், என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு ஆயிரம் சோலி கெடக்கு. எல்லாம் கெடக்கட்டும், கெளம்புங்க" என்று அலமாரியில் இருந்த இரண்டு மாத்திரைப் பெட்டியையும் தன் பையில் போட்டுக்கொண்டு என்னை இழுத்துப் போனாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா என்னைத் திட்டினார். "கழலை மாத்திரையை நிறுத்திட்டீங்களா ராசம்மா?"

"இல்லங்க டாக்டரம்மா. ஒரு நாள்கூட விடல."

சரோஜா அந்த நீல மாத்திரைப் பெட்டியை மேசையில் வைத்தாள். டாக்டரம்மா அதைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படித்தார். "உங்களுக்குத் தைராய்டு இருக்கு. இதை யார் போடச் சொன்னது?"

அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் தமிழ் வாயிலிருந்து கேட்டேன். தைராய்டு. தொண்டையில் வைத்த விரல் ஞாபகம் வந்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டயர்டு கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இந்த மாத்திரை கொழுப்பை மட்டும் தள்ளிவிடாது என்றார். கண்ணுக்கும் எலும்புக்கும் வேண்டிய, கொழுப்போடு சேர்ந்து உடம்புக்குள் போகிற விட்டமின்களையும் தள்ளிவிடும். கழலை மாத்திரை போன்ற சில மருந்துகளையும் சரியாகச் சேரவிடாமல் செய்துவிடும். "காலையில போட்ட மருந்தை இதுவே வெளிய அனுப்பியிருக்கு. மருந்தே போடாத மாதிரி ஆகிப்போச்சு. டாக்டர் பார்த்து, அளவு பார்த்து, சிலருக்குக் குடுக்கிறது உண்டு. யாரோ குடுத்தாங்கன்னு போடுற மிட்டாய் இல்ல இது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா மயங்கிக் கெடந்திருப்பீங்க." பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். கண் மஞ்சளானதா, ஒன்றுக்குக் கருத்துப் போனதா, முதுகுப் பக்கம் வலித்ததா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

"வயித்தெரிச்சல்?"

"அது ரொம்பக் காலமா இருக்குங்க" என்றேன், சரோஜாவைப் பார்க்காமல்.

டாக்டரம்மா எழுந்து வந்து என் கழுத்து வீக்கத்தை இரண்டு கை விரல்களாலும் பிடித்துப் பார்த்தார். "இதை நான் முன்னாடியே கேட்டிருக்கணும். இது எப்ப வந்தது? எந்தத் தண்ணி குடிச்சு வளந்தீங்க? உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டார். மலைத்தண்ணீர் குடித்தவர்களுக்கு இது வருவது உண்டாம். நான் யோசித்தேன். வீக்கம் தெரிந்தது இங்கே வந்த பிறகுதான். ஆனால் அம்மாவுக்கும் இருந்தது, அவர் தோட்டத்தில் மலையூற்றிலிருந்து விழுகிற பீலித்தண்ணியைத் தவிர வேறு குடித்ததில்லை. அந்த மலையிலா, இந்த மலையிலா என்று எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது? கப்பலை முதலில் சொல்வதா, வட்டக்கானலைச் சொல்வதா என்று வாயைத் திறந்தேன்.

"எங்க ஊருதான் டாக்டரம்மா" என்றாள் சரோஜா.

மூச்சுக்கூட விடாமல் சொன்னாள். இத்தனை வருடமாக ரேஷன் கடையிலும் பஸ்ஸிலும் நான் சொல்ல நினைத்து ஒருதடவைகூட முழுதாகச் சொல்லாத சொல். தன்னிடம் அது ஏராளமாக இருப்பதால் எனக்கும் ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டாள். அந்த நிமிடம் அவள்மேல் வந்த பொறாமை, அவள் ரவிக்கையைப் பார்த்து வந்ததைவிடப் பெரியது. நன்றியும் வந்தது. இரண்டும் ஒன்றாகத் தொண்டைக்கு ஏறின. இல்லைங்க, நான் அங்கே பொறந்தவ என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது.

"பேசாதீங்க" என்றார் டாக்டரம்மா, வீக்கத்தைப் பிடித்தபடியே. "எச்சில் முழுங்குங்க."

முழுங்கினேன். அவர் விரல்களுக்கு நடுவே அது ஒருமுறை மேலே ஏறி, இறங்கி, பழைய இடத்திலேயே நின்றது.